செயின்சா ட்யூனிங்: ஸ்க்ரூவ திருகுனா பவர் ஏறுமா?

"கார்ப் ஸ்க்ரூவ கால் சுத்து உள்ள விடுண்ணே, மிஷினு பறக்கும்." பட்டுக்கோட்டை பேராவூரணி பக்கம் மரம் அறுக்குறவங்க நாலு பேரு ஒண்ணா நின்னா இந்தப் பேச்சு வராம இருக்காது. கார்ப்னா கார்புரேட்டர், காத்தையும் பெட்ரோலையும் கலக்குற பாகம். 2018 நவம்பர் 16 அன்னிக்கு கஜா புயல் கரையேறி தென்னந்தோப்பெல்லாம் சாஞ்சு கெடந்தப்போ தான் எங்க பக்கம் செயின்சா தெருவுக்குத் தெரு வந்துச்சு, அப்புறம் அது திரும்பிப் போகவே இல்ல, இப்ப வேலிக்கருவை வெட்டவும் வாய்க்கா கரையில சாஞ்ச பூவரசத் துண்டு போடவும் சவுக்கு அறுக்கவும் எல்லாத்துக்கும் அது தான். ஆனா அது உள்ள எப்படி ஓடுதுங்குறது மட்டும் ஆளாளுக்கு ஒரு கதையா இருக்கு.

பெரிய கொழப்பம் என்னன்னா, ட்யூனிங்னு ஒரே பேர்ல நாலஞ்சு வேற வேற வேலையப் போட்டு அடைச்சிடுறாங்க. ஸ்க்ரூ திருகுறதும் ட்யூனிங், சைலன்சர்ல ஓட்ட போடுறதும் ட்யூனிங், சிலிண்டருக்குள்ள அரம் விட்டு ராவுறதும் ட்யூனிங். இதுல ஒண்ணு அஞ்சு நிமிஷ வேல, காசே இல்ல. இன்னொண்ணு தப்பா போனா சிலிண்டர், பிஸ்டன் ரெண்டும் புதுசு வாங்கணும். எது எதைச் செய்யுதுன்னு தெரியாம வீடியோ பாத்து கை வெக்கிறதால தான் நல்ல மிஷினெல்லாம் ஒரே சீசன்ல பிஸ்டன் புடிச்சு ஓரமா கெடக்குது.

அதனால கொஞ்சம் அடியிலேர்ந்தே போவோம், மெக்கானிக் படிச்சவங்களுக்கு இது தெரிஞ்ச விஷயமா இருக்கும், அவங்க தாண்டிப் போயிடலாம்.

பவர் எங்கேர்ந்து வருது

வயலுக்கு தண்ணி வைக்கிறவங்களுக்கு இது சட்டுனு புரியும். மடைய தொறந்தா தண்ணி வரும், வடிகால் வழியா போகும். ஐப்பசி மழையில கடைமடை ஊர்ல என்ன நடக்குது? வடிகால்ல ஆகாயத்தாமரை மண்டிக் கெடந்தா தண்ணி எங்கயும் போகாம வயல்லயே நிக்கும், அதுக்கு மேல மடைய தொறந்தாலும் மூடுனாலும் ஒண்ணு தான். ஒரு நாளைக்கு ஒரு வயல் வழியா எவ்ளோ தண்ணி ஓடுங்குறத மடை மட்டும் முடிவு பண்ணாது, வடிகாலும் சேந்து தான் முடிவு பண்ணும்.

இன்ஜின்லயும் இப்படித்தான், தண்ணிக்கு பதிலா காத்து. ஆக்சிலேட்டர புடிச்சா கார்புரேட்டருக்குள்ள ஒரு தகடு திரும்பி வழி விடும், அது மடை. சைலன்சர் வடிகால். ஒரு 50 சிசி மிஷினு நிமிஷத்துக்கு 9,000 சுத்து சுத்துனா கணக்குப்படி 450 லிட்டர் காத்து அது வழியா போகணும். நெசத்துல அதவிட கம்மியா தான் போகும், ஏன்னா வழியில ஃபில்டர் இருக்கு, கார்ப்போட குறுகின வாய் இருக்கு, சிலிண்டர் சுவத்துல ஓட்டைகள் இருக்கு, கடைசியா சைலன்சர் இருக்கு, ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் தடுக்கும்.

எவ்ளோ காத்து உள்ள போய் எரிஞ்சு வெளிய வருதோ அவ்ளோ தான் பவர். பெட்ரோல் அந்தக் காத்துக்கு ஏத்த அளவுக்கு கூடவே போற சரக்கு. இப்ப நம்ம ஆளு திருகுற ஸ்க்ரூ எங்க வருது? அது மடையும் இல்ல வடிகாலும் இல்ல. போற காத்துல எவ்ளோ பெட்ரோல் கலக்கணும்னு மட்டும் அது சொல்லும். ஒரு சொட்டு காத்தக் கூட அதால கூட்ட முடியாது.

டூ ஸ்ட்ரோக்ல பெட்ரோலுக்கு மூணு வேல

செயின்சா இன்ஜின் டூ ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஒரு தடவ மேல போயி ஒரு தடவ கீழ வந்தாலே ஒரு சுத்து முடிஞ்சு அடுத்த வெடி வெடிக்கும். பழைய டிவிஎஸ் 50 ஓட்டுனவங்களுக்குத் தெரியும், பெட்ரோல்லயே ஆயில் கலந்து தான் ஊத்துவோம். அது ஏன்னு யோசிச்சவங்க கம்மி.

பிஸ்டன் மேல ஏறும்போது அதுக்குக் கீழ இருக்குற அறைல காத்து இழுபடும். கிராங்க் சுத்துற அந்த அறைக்கு கிராங்க்கேஸ்னு பேரு. கார்ப்லேர்ந்து பெட்ரோல், ஆயில், காத்து மூணும் கலந்த புகை மொதல்ல அங்க தான் போகும், நேரா சிலிண்டருக்குப் போகாது. பிஸ்டன் கீழ எறங்கும்போது அந்தக் கலவை அமுங்கி, பக்கவாட்டு வழியா மேல சிலிண்டருக்குள்ள ஏறும், ஏறுற வேகத்துலயே எரிஞ்சு போன பழைய புகைய சைலன்சர் பக்கம் தள்ளிவிடும். இந்த மிஷினுக்கு தனியா ஆயில் பம்ப் கெடயாது (செயினுக்கு ஊத்துற ஆயில் வேற, அது இன்ஜினுக்குப் போகாது), வால்வும் கெடயாது. பேரிங், கனெக்டிங் ராடு, பிஸ்டன் சுவரு எல்லாத்துக்கும் எண்ணெய் கெடைக்கிறது இந்தக் கலவை போற வழியில ஒட்டுறது தான்.

ஆக பெட்ரோல் இங்க எரியுது, ஆயில சுமந்துட்டுப் போகுது, ஆவியாகும்போது உள்ள சூட்டையும் கொறைக்குது. ஸ்க்ரூவ உள்ள திருகி பெட்ரோல கொறைச்சா மூணும் ஒரே நேரத்துல கொறையும். சூடு ஏறுற நேரம் பாத்து எண்ணெயும் கம்மியாகுது. அலுமினிய பிஸ்டன் சூட்டுல விரிஞ்சு சிலிண்டர் சுவத்த உரசும், அதுவும் எக்ஸாஸ்ட் பக்கம், அதாவது புகை வெளிய போற பக்கம் தான் மொதல்ல உரசும், ஏன்னா அங்க தான் சூடு ஜாஸ்தி. இதத் தான் சீஸ் ஆயிருச்சு, பிஸ்டன் புடிச்சிருச்சுன்னு சொல்றோம்.

இதுவரைக்கும் சொன்னத சுருக்கிப் பாத்தா: பவர் காத்தோட அளவுல இருக்கு. ஸ்க்ரூ பெட்ரோல் விகிதத்த மட்டும் மாத்தும். டூ ஸ்ட்ரோக்ல பெட்ரோல கொறைச்சா ஆயிலும் கொறையும்.

அந்த மூணு ஸ்க்ரூ

பைக் கார்ப்ல ஒரு மிதவை இருக்கும், பெட்ரோல் மட்டத்த அது பாத்துக்கும். செயின்சாவ சாச்சு, தலகீழா, படுக்கப் போட்டு எல்லா விதத்துலயும் புடிக்கிறோம், மிதவை அங்க வேல செய்யாது. அதனால இதுல ரப்பர் மாதிரி மெல்லிசு தகடு ஒண்ணு வெச்சிருக்காங்க, டயாஃப்ரம்னு பேரு. இன்ஜின் உறிஞ்சும்போது அது வளைஞ்சு ஒரு சின்ன நெம்புகோல அமுக்கி பெட்ரோல் வழிய தொறக்கும். டேங்க்லேர்ந்து பெட்ரோல இழுக்குறதும் இன்னொரு டயாஃப்ரம் தான், கிராங்க்கேஸ்ல வர்ற அழுத்தத் துடிப்புல அது மேலயும் கீழயும் அடிச்சு பம்ப் மாதிரி வேல செய்யும். இந்த ரப்பர் வெறச்சுப் போச்சுன்னா எந்த ஸ்க்ரூவ எப்படித் திருகுனாலும் மிஷினு ஒழுங்கா ஓடாது, பழைய மிஷின்ல மொதல்ல பாக்க வேண்டியதே இது தான், கிட்டு விலையும் பெருசா இருக்காது.

எல்னு போட்ட ஸ்க்ரூ மெதுவா ஓடும்போது பெட்ரோல் அளவ பாத்துக்கும். எச்னு போட்டது முழு ஆக்சிலேட்டர்ல. எல்ஏ அல்லது டின்னு போட்டது பெட்ரோலுக்கே சம்பந்தமில்லாதது, ஆக்சிலேட்டர விட்டா மிஷினு எந்த வேகத்துல நிக்காம ஓடணும்னு சொல்றது, அவ்ளோ தான். எல், எச் ரெண்டையும் கடிகார சுத்துல உள்ள திருகுனா பெட்ரோல் கம்மி, அதுக்கு லீன்னு பேரு. வெளிய திருகுனா பெட்ரோல் அதிகம், அது ரிச். எல்ஏ ஸ்க்ரூவ உள்ள விட்டா மட்டும் ஐடில் வேகம் ஏறும், இத மத்த ரெண்டோட கொழப்பிக்கிறவங்க நெறைய பேர பாத்திருக்கேன்.

கலப்படமில்லாத பெட்ரோல் 1 கிராம் முழுசா எரிய 14.7 கிராம் காத்து வேணும். ஆனா அதிகபட்ச பவர் கெடைக்கிறது 12.5லேர்ந்து 13க்குள்ள, அதாவது கொஞ்சம் பெட்ரோல் கூடுதலா இருக்குற எடத்துல. அங்கேர்ந்து லீன் பக்கம் போனா பவர் கொறையத் தான் செய்யும். அப்பறம் ஏன் எல்லாரும் லீன் பண்ணுனா பறக்குதுன்னு சொல்றாங்க? அவங்க பொய் சொல்லல, காது ஏமாத்துது.

சத்தம் எப்படி ஏமாத்துது

இந்தக் கட்டுரையில ஒரு பகுதி மட்டும் படிக்கணும்னா இதப் படிங்க.

மரத்துல வெக்காம சும்மா முழு ஆக்சிலேட்டர் குடுத்தா, சரியா செட் பண்ணுன மிஷினு சுத்தமா கத்தாது. கொஞ்சம் கரகரன்னு, வெடி விட்டு விட்டு விழுற மாதிரி ஒரு சத்தம் வரும். பெட்ரோல் கூடுதலா இருக்குறதால ஒவ்வொரு சுத்துக்கும் வெடிக்காம ஒண்ணு விட்டு ஒண்ணு வெடிக்குது, அதனால ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி கேக்கும், அதுக்கு ஃபோர் ஸ்ட்ரோக்கிங்னே பேரு. புதுசா வாங்குனவரு இதக் கேட்டதும் மிஷின்ல கோளாறுன்னு நெனச்சு எச் ஸ்க்ரூவ உள்ள திருகுவாரு, கரகரப்பு போயி கிர்ர்ர்னு ஒரே சீரா கத்தும், ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தன சுத்துங்குறது) ஏறும், பக்கத்துல நிக்கிறவரும் "ஆங், இப்பத்தான் மிஷினு" அப்டிம்பாரு.

ஆனா மரம் அறுக்குறது சும்மா சுத்தும்போது இல்ல. செயின் சுத்தி ஓடுற நீளமான தகடு, அதுக்கு பாருன்னு பேரு, அது மரத்துக்குள்ள எறங்குனதும் சுமை ஏறி வேகம் 9,000 பக்கம் எறங்கும், அந்த எடத்துல தான் கலவை சரியா இருக்கணும். சரியா செட் பண்ணுன மிஷினு மேல கரகரன்னு இருந்துட்டு மரத்துல எறங்குனதும் சத்தம் சுத்தமாகும், லேசா தூக்குனா மறுபடி கரகரக்கும். அது தான் அடையாளம். மேலயே சுத்தமா கத்துற மிஷினு மரத்துக்குள்ள போனதும் லீனா ஓடும், அமுக்குனா நிக்கப் பாக்கும், சூடு ஏறிக்கிட்டே இருக்கும். சுமை இல்லாத வேகத்துக்கும் மாடலப் பொறுத்து 11,000லேர்ந்து 14,000 வரைக்கும் கம்பெனியே ஒரு எல்லை வெச்சிருக்கும், அதத் தாண்டி சுத்துனா கனெக்டிங் ராடு பேரிங் அடி வாங்கும்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு, சொல்லாம விட முடியாது. சில மிஷின்ல இக்னீஷன் காயில்லயே வேகத்துக்கு பூட்டு இருக்கும், குறிப்பிட்ட ஆர்பிஎம் வந்ததும் ஸ்பார்க்க வெட்டி வெட்டி விடும், அந்த சத்தமும் கிட்டத்தட்ட இதே கரகரப்பு தான். லீனா இருக்குற மிஷின ரிச்னு நெனச்சு இன்னும் உள்ள திருகி சாகடிக்கிறது இப்படித்தான். அந்த மாதிரி மிஷினுக்கு காது பத்தாது, பிளக் ஒயர்ல சுத்தி வெச்சு ஆர்பிஎம் பாக்குற டேக்கோமீட்டர் ஒண்ணு வாங்கிக்கிறது நல்லது. ஹஸ்க்வர்னாவோட ஆட்டோட்யூன், ஸ்டீலோட எம் ட்ரானிக் இருக்குற மாடல்ல திருகுற எச், எல் ஸ்க்ரூவே இருக்காது, கலவைய அதுவே பாத்துக்கும்.

ஸ்க்ரூ டிரைவர் எடுக்குறதுக்கு முன்னாடி

ஃபில்டர் அடைச்சிருக்கும்போது செட் பண்ணாதீங்க. தென்னை, அதுவும் காஞ்ச தென்னை அறுத்தா பொடி நாரு மாதிரி போயி ஃபில்டர்ல அப்பிக்கும், காத்து கொறஞ்சு மிஷினு ரிச் ஆயிரும். அந்த நெலமையில எச் ஸ்க்ரூவ உள்ள விட்டு சரி பண்ணிட்டு, சாயங்காலம் ஃபில்டர தட்டி மாட்டுனா மறுநாள் காலைல அதே செட்டிங் லீன். யாரும் ஸ்க்ரூவத் தொட்டிருக்க மாட்டாங்க, ஆனா பிஸ்டன் புடிச்சிருக்கும், கம்பெனிய திட்டுவாங்க.

சிலிண்டரச் சுத்தி இருக்குற ரெக்கைகள்ல அடைஞ்ச நாரையும் எடுத்துடணும், காத்துல ஆறுற இன்ஜின் அது. ஐடில் ஒரு நேரம் ஏறி ஒரு நேரம் எறங்குனா, ஆக்சிலேட்டர விட்டும் வேகம் சட்டுனு எறங்காம தொங்குனா, எங்கயோ காத்து கசியுது, கிராங்க் ஆயில் சீலோ கார்ப்புக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இருக்குற ரப்பரோ போயிருக்கும். அத மாத்தாம ஸ்க்ரூவால மறைக்கிறது ஆபத்து.

பருவமும் கணக்குல உண்டு. சித்திரை மதியம் 38, 39 டிகிரில இருக்குற காத்த விட மார்கழி விடியல் 22 டிகிரி காத்து 5 சதவீதம் பக்கம் அடர்த்தி. வெயில்ல ஒட்ட ஒட்ட செட் பண்ணி வெச்ச மிஷினு பனிக்காலத்துல லீன் பக்கம் நகரும். கொடைக்கானல் பக்கம் வேலைக்குப் போறவங்களுக்கு இது இன்னும் பெருசு, 2,100 மீட்டர் ஒசரத்துல காத்து 20 சதவீதம் பக்கம் மெலிசு, அங்க புகை கக்குதேன்னு எச்ச உள்ள விட்டுட்டு அப்படியே ஊருக்கு வந்து தென்னைல வெச்சா கதை முடிஞ்சுது.

பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்ல. இப்ப பங்க்ல வர்றது இ20, 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குள்ளயே ஆக்சிஜன் இருக்குறதால அதுக்கு காத்து கம்மியா போதும், 14.7ங்குறது 13.5 பக்கம் வந்துரும். அப்டின்னா பழைய பெட்ரோலுக்கு சரியா இருந்த ஸ்க்ரூ அளவு இ20க்கு லீன். எட்டுல ஒரு சுத்து வெளிய எடுத்து காதால பாத்துக்கணும். எத்தனால் ஈரத்த உறிஞ்சும், கலந்த பெட்ரோல மாசக்கணக்குல கேன்ல வெக்காதீங்க, வேல முடிஞ்சு ரொம்ப நாள் ஓரமா வெக்கிறதா இருந்தா டேங்க காலி பண்ணிட்டு கார்ப் வறண்டு நிக்கிற வரைக்கும் ஓட்டி வைங்க.

ஆயில் பத்தி ஒரு மூடநம்பிக்கை: "ஆயில் ஜாஸ்தி ஊத்துனா ரிச் ஆயிரும், சேஃப்". ரிச், லீன் ரெண்டும் பெட்ரோலுக்கும் காத்துக்கும் உள்ள கணக்கு. ஒரு லிட்டர் கலவைல ஆயில் கூடுனா பெட்ரோல் கொறையுது, அதனால கொஞ்சம் லீன் பக்கம் தான் போகும். 50க்கு 1னா லிட்டருக்கு 20 மில்லி, 25க்கு 1னா 40 மில்லி, மிஷின் புத்தகத்துல எது போட்டிருக்கோ அத ஊத்துங்க, விகிதத்த மாத்துனா எச் ஸ்க்ரூவையும் மறுபடி பாக்கணும்.

இப்ப செட் பண்றது. மிஷின சூடாக்கி, சுத்தமான ஃபில்டரோட, எல் ஸ்க்ரூவ திருகி ஐடில் உச்சமா இருக்குற எடத்த கண்டுபுடிச்சு அங்கேர்ந்து கொஞ்சம் வெளிய எடுங்க, ஆக்சிலேட்டர் புடிச்சா தயங்காம எழுந்தா சரி. எல்ஏவால ஐடில எறக்கி செயின் சுத்தாம நிக்க வைங்க, பொதுவா 2,700லேர்ந்து 3,000க்குள்ள வரும், செயின் ஐடில்ல ஊர்ந்தா அது ஆபத்து. அப்பறம் எச்ச ரிச்ல வெச்சு முழு ஆக்சிலேட்டர் ஒரு சில நொடி மட்டும் குடுத்து, கரகரப்பு தெளிவா இருக்குற எடத்துல நிறுத்தி, மரத்துல வெச்சுப் பாருங்க. உள்ள சுத்தம், தூக்குனா கரகரப்பு. அத்தோட ஸ்க்ரூ வேல முடிஞ்சுது, இதுக்கு மேல அதுல பவர் ஒளிஞ்சு கெடக்கல.

சைலன்சர்: நெசமாவே பவர் வர்ற எடம்

மாத்தி அமைக்கிறதுல செலவு கம்மி, பலன் தெரியிற வேல இது ஒண்ணு தான்னு என் அபிப்பிராயம். சத்தக் கட்டுப்பாட்டுக்காக கம்பெனிக்காரங்க சைலன்சர் வாய ரொம்ப சின்னதா வெச்சிருப்பாங்க, சிலிண்டர் எக்ஸாஸ்ட் ஓட்டைய விட பாதிக்கும் கம்மியா இருக்குற மாடல் உண்டு. வடிகால அகலப்படுத்துனா பழைய புகை சீக்கிரம் போகும், புது கலவை நெறைய உள்ள வரும், காத்தோட அளவே கூடுது.

ஆனா அதுக்கு முன்னாடி அந்த வலையப் பாருங்க. சைலன்சர் வாயில சின்னதா ஒரு கம்பி வலை இருக்கும், ஸ்பார்க் அரெஸ்டர்னு பேரு, தீப்பொறி வெளிய போகாம தடுக்குறதுக்கு. கரி புடிச்சு அது பாதி அடைச்சிருந்தா மிஷினு சோந்து போயித் தான் ஓடும். கழட்டி சுத்தம் பண்ணி மாட்டுனதுலயே "புது மிஷினு மாதிரி இருக்கே"ன்னு சொன்னவங்க உண்டு. அத தூக்கிப் போட்றாதீங்க, நம்ம ஊர்ல மிஷினு ஓடுறது வைக்கப்போரு பக்கத்துலயும் கீத்துக் கொட்டகை ஓரத்துலயும் காஞ்ச தென்னமட்டை மேலயும் தான்.

வாய எவ்ளோ பெருசு பண்ணலாம்? பட்டறையில சொல்ற பொது கணக்கு, சிலிண்டர் எக்ஸாஸ்ட் ஓட்டையோட பரப்புல முக்கால் பங்கு. அதுக்கு மேல போனா பலன் ஏறாது, சத்தம் மட்டும் ஏறும், ஏற்கனவே அது 100 டெசிபெல் தாண்டுற மிஷினு. சிலபேரு உள்ள இருக்குற தடுப்பு எல்லாத்தையும் ராவி எடுத்து வெறும் டப்பாவா விட்டுர்றாங்க, இன்னும் சிலபேரு சைலன்சரே இல்லாம ஓட்டுறாங்க. டூ ஸ்ட்ரோக்ல புது கலவை உள்ள வர்ற நேரத்துல எக்ஸாஸ்ட் ஓட்டையும் தொறந்து தான் இருக்கும், வெளிய தடுப்பே இல்லன்னா எரியாத கலவையும் கூடவே ஓடிரும். வயல்ல தண்ணி நிக்காம அப்படியே வடிஞ்சு போற கணக்கு. ஆர்எக்ஸ் 100 பைக்கோட சைலன்சர் நீளமா நடுவுல தடிச்சு இருக்குறது சும்மா அழகுக்கு இல்ல, அதுல கெளம்புற அழுத்த அலை திரும்பி வந்து வெளிய ஓடப் பாக்குற கலவைய மறுபடி உள்ள தள்ளும். செயின்சாவோட டப்பால அவ்ளோ பெரிய வித்தைக்கு எடமில்ல, ஆனா டப்பாவே இல்லாம விட்டா இருக்குறதும் போச்சு.

வாய பெருசு பண்ணுன அன்னிக்கே எச் ஸ்க்ரூவ வெளிய எடுத்து மறுபடி செட் பண்ணணும். காத்து கூடிருச்சு, பெட்ரோல் பழைய அளவுலயே இருக்கு, அப்போ லீன். ஓட்ட போட்டுட்டு ஸ்க்ரூவத் தொடாம விட்டவங்க மிஷினுதான் பட்டறையில அதிகம் வந்து கெடக்கும். எச் ஸ்க்ரூ மேல பிளாஸ்டிக் மூடி இருந்தா அது குறிப்பிட்ட அளவுக்கு மேல திரும்ப விடாது, புகைக் கட்டுப்பாட்டுக்கு வெச்சது. அது போதுமான அளவுக்கு வெளிய வரலன்னா சைலன்சர தொடாம இருக்குறது உத்தமம். வாரண்டி இருக்குற மிஷின்ல இந்த வேலையே வேண்டாம்.

சுருக்கமா: வலை சுத்தம் மொதல்ல, வாய் அகலம் அளவா, அப்பறம் கட்டாயம் எச் ஸ்க்ரூ வெளிய.

கேஸ்கெட், போர்ட்டிங், டைமிங்

சிலிண்டருக்கு அடியில கசியாம இருக்க வெச்சிருக்குற மெல்லிசு தகடு, அதான் கேஸ்கெட், அத எடுத்துட்டா சிலிண்டர் கொஞ்சம் கீழ எறங்கி, கலவை இன்னும் இறுக்கமா அமுங்கி வெடிக்கும், இழுவை கூடும். ஆனா பிஸ்டன் உச்சிக்கு வரும்போது சிலிண்டர் தலைக்கும் அதுக்கும் நடுவுல இடைவெளி வேணும், 0.5 மில்லிமீட்டருக்குக் கீழ போனா இடிக்கும். சால்டர் ஈயக்கம்பிய பிளக் ஓட்ட வழியா விட்டு பிஸ்டன ஒரு சுத்து சுத்தி, நசுங்குன கனத்த அளந்து பாப்பாங்க. அளக்காம கேஸ்கெட்ட எடுக்குறது குருட்டு வேல.

போர்ட்டிங்னா சிலிண்டர் சுவத்துல இருக்குற வாய்கள அகலமாவோ ஒசரமாவோ ராவுறது. அந்த சுவத்துல மெல்லிசா கெட்டியான பூச்சு இருக்கு, கிரைண்டர் தப்பா பட்டா உரியும், உரிஞ்சா சிலிண்டர் போச்சு. ஓரத்த மழுக்காம விட்டா பிஸ்டன் ரிங்கு அதுல மாட்டி ஒடியும். எக்ஸாஸ்ட் வாய ஒசத்துனா மேல் வேகத்துல பவர் வரும், கீழ் வேகத்துல இழுவை கொறையும், பெரிய புளிய மரத்துல அது உதவாது. கிராங்க்கோட சுத்துற கனமான சக்கரம் ஃப்ளைவீல், அத கிராங்க்ல பூட்டி வெக்கிற சின்ன சாவிய ராவி ஸ்பார்க்க முன்னாடி வர வைக்கிறதும் உண்டு, இது தான் டைமிங், ஜாஸ்தியானா கயிறு இழுக்கும்போது திருப்பி அடிச்சு வெரல பதம் பாக்கும். இந்த மூணும் ஆரம்பக்காரங்க வேல இல்ல, அனுபவமுள்ள கைக்காரருக்கே ஒரு சிலிண்டர் வீணாகும்னு வெச்சுக்கிட்டு தான் எறங்கணும்.

இன்ஜின விட்டுட்டு செயினப் பாருங்க

இத்தன நேரம் இன்ஜினப் பத்திப் பேசிட்டு இதச் சொல்றது கொஞ்சம் ஒரு மாதிரியா தான் இருக்கு, ஆனா மொக்க செயினப் போட்டுட்டு பவர் பத்தலன்னு சொல்றவங்க தான் ஜாஸ்தி. கூரான செயின் சீவல் சீவலா கொட்டும், மொக்கையானது மாவு மாதிரி கொட்டும். நம்ம ஊர்ல மணல் ஒட்டுன தென்னமரம், அதுல அடிச்சு வெச்ச ஆணி, வெளிப்பக்கம் கெட்டியான வயசான தென்னங்கட்டை, இதெல்லாம் செயின ஒரே நாள்ல மழுக்கிரும்.

கட்டர் பல்லுக்கு முன்னாடி ஒரு சின்ன மேடு இருக்கும், டெப்த் கேஜ்னு பேரு, பல்லு எவ்ளோ ஆழம் கடிக்கணும்னு அது தான் சொல்லும். பல்ல விட அது 0.65 மில்லிமீட்டர் கீழ இருக்கணும்ங்குறது பொதுவான அளவு. பல்ல ராவ ராவ பல்லு தாழும், மேடு அப்படியே நிக்கும், பல்லு கூராவே இருந்தாலும் மரத்தக் கடிக்காது. மூணு நாலு தடவ அரம் போட்டதுக்கு ஒரு தடவ இதையும் தட்டை அரத்தால தாழ்த்தணும். ரொம்ப தாழ்த்தினா மிஷினு ஆள நோக்கி எகிறும், அதனால கேஜ் தகடு வெச்சே பண்ணுங்க. அரம் அளவும் மாறக்கூடாது, 0.325 இஞ்ச் பிட்ச் (கண்ணி இடைவெளி) செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் ரவுண்ட் அரம்.

18 இஞ்ச் பாருக்கு வந்த மிஷின்ல 22 இஞ்ச் பாரு மாட்டிட்டு பவர் இல்லன்னா அது மிஷின் குத்தம் இல்ல. செயின இழுக்குற 7 பல் சக்கரத்த எடுத்துட்டு 8 பல் போட்டா செயின் வேகம் 14 சதவீதம் ஏறும், ஆனா இழுக்குற பலம் அதே அளவுக்குக் கிட்ட எறங்கும், சின்ன கட்டைக்கு லாபம், பெரிய கட்டைக்கு நஷ்டம். 0.325 செயின் 7 பல்லுல 9,000 சுத்துக்கு நொடிக்கு 17 மீட்டர் வேகத்துல ஓடுது, அறுந்தா எந்தப் பக்கம் அடிக்கும்னு சொல்ல முடியாது, தளர்வா வெச்சு ஓட்டாதீங்க.

மாத்துனது வேல செஞ்சுதான்னு எப்படித் தெரியும்

காத நம்பக் கூடாதுன்னு மேலயே பாத்தோம். ஒரே கட்டை, ஒரே கனம், அப்பத்தான் அரம் போட்ட செயின், டேங்க்ல ஒரே அளவு பெட்ரோல். அமுக்காம மிஷினோட எடையில மட்டும் எறங்க விட்டு மூணு துண்டு போடுங்க, ஃபோன்ல நேரத்த புடிங்க. அப்பறம் ஒரே ஒரு மாத்தம் பண்ணிட்டு அதே கட்டையில மறுபடி மூணு. ரெண்டு மாத்தத்த ஒண்ணா பண்ணுனா எதால வந்துச்சுன்னு தெரியாது. நொடி கொறஞ்சிருந்தா பவர் ஏறியிருக்கு, சத்தம் ஏறி நொடி அப்படியே இருந்தா ஸ்க்ரூவ பழைய எடத்துக்கு கொண்டு வந்துருங்க.

ஒரு டேங்க் ஓடி முடிஞ்சு மிஷினு ஆறினதும் சைலன்சர கழட்டி எக்ஸாஸ்ட் ஓட்ட வழியா டார்ச் அடிச்சு பிஸ்டனப் பாருங்க, ரெண்டு மூணு போல்ட் தான். மழமழன்னு இருந்தா சரி. நெடுக்க கோடு விழ ஆரம்பிச்சிருந்தா மிஷின அத்தோட நிறுத்திட்டு, காத்து எங்க கசியுதுன்னு பாத்து, எச் ஸ்க்ரூவ வெளிய எடுத்துட்டு தான் அடுத்த மரம்.